கப்பலுக்குப் போன நம் பிள்ளைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, தூத்துக்குடியின் கப்பல்காரக் குடும்பங்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது, முதலாளி நடுவழியில் கைவிட்ட கப்பல் விவகாரம்தான். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-ல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். எந்த நாட்டாரையும் விட இந்தியர்களே அதிகம், 899 பேர்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகனும் வளைகுடாவில் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். சம்பளம் மூன்று மாதம் பாக்கி. பிராவிஷன் வரவில்லை. டீசல் தீர்ந்து ஏசி நின்றதும் டெக்கிலேயே படுத்திருக்கிறார்கள். அவருடைய அம்மா நம்மிடம் வந்தபோது கையில் இருந்தது ஏஜென்டுக்குப் பணம் கொடுத்த துண்டுச்சீட்டு ஒன்றுதான். வேலை வாங்கித்தர மாலுமியிடம் கமிஷன் வாங்குவதே சட்டவிரோதம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மெஸ் ரூம் சுவரில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். முதலாளி கைவிட்டால் மாலுமிகளுக்கு உதவும் காப்பீட்டின் சான்றிதழ் அங்கேயேதான் இருந்தது! 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 2014-ல் வந்த திருத்தம், 2017 ஜனவரி முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கைவிட்ட கணக்குதான். நான்கு மாதச் சம்பளம் வரை, சாப்பாடு, தண்ணீர், மருந்து, ஊர் திரும்பும் செலவு எல்லாம் காப்பீட்டாளர் பொறுப்பு. மாலுமியே நேரடியாகக் கேட்கலாம். கேட்டார்கள். பையன் வீடு வந்து சேர்ந்துவிட்டார். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி இன்னும் வரவில்லை.

உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் துறைமுகமானால், எந்த நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பலிலும் ஆய்வாளர் ஏறிப் பார்க்கலாம், நிலைமை மோசமென்றால் தடுத்தும் வைக்கலாம். கரையில் புகார் கொடுப்பவர் பெயரை அவர்கள் வெளியே விடக்கூடாது. ஆனாலும் நம் பையன்கள் வாய் திறப்பதில்லை. அடுத்த கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கடனை வைத்துக்கொண்டு கப்பலேறியவனுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

இந்தியா 2015-லேயே இந்த உடன்படிக்கையை ஏற்றுவிட்டது. கப்பலுக்கு ஆள் எடுக்கும் மேனிங் கம்பெனிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். சைன் ஆன் செய்யுமுன், அதாவது கப்பலில் வேலைக்குச் சேருமுன், அந்த உரிம எண்ணைச் சங்கத்தில் கொடுத்தால் சரிபார்த்துத் தருவோம். கேடட்களின், அதாவது பயிற்சி மாலுமிகளின், பெற்றோர் இதற்கு இன்றே பெயர் கொடுக்கலாம், மேசை வாசலருகே இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.