செட்டில்மென்ட் செய்தால் கடன் முடிந்ததாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் மதிப்பெண் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தால், பாக்கியைக் கட்டிவிட்டாலே மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்ற எண்ணம் வரும். எதை முதலில் கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி விசைத்தறிகளில் வாரக் கூலி. ஏற்காட்டில் காபி அறுவடை ஆனால்தான் கையில் பணம். தவணையோ மாதாமாதம் ஒரே தேதியில் வந்து நிற்கும். ஒரு மாதம் தவறிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டுகிறோமே என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் கட்டும் பணம் முதலில் பழைய தவணைக்குத்தான் வரவு வைக்கப்படும். இந்த மாதத் தவணை மறுபடி பாக்கியாகும். நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம் உண்டு; ஆறு மாதம் விடாமல் கட்டினாலும் ஆறு கட்டங்களிலும் தாமதம் என்றே விழும். விட்டுப்போன அந்த ஒரு தவணையை எப்பாடு பட்டாவது சேர்த்துக் கட்டினால்தான் கட்டத்தில் 000, அதாவது தாமதமில்லை என்று வரும்.

90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதன்பின் ஒன்றிரண்டு தவணை கட்டிப் பயனில்லை. நிலுவைத் தவணைகள் முழுவதும் தீர்ந்த பிறகே கணக்கை நல்ல கணக்காக மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மூன்று நான்கு கடன் பாக்கியிருந்தால், 90-ஐ நெருங்கும் கடனுக்கே முதல் பணம் போக வேண்டும். நடப்பதோ வேறு, யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குத்தான் முதலில் போகிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யவே கூடாது என்பது விதி.

அடுத்தது செட்டில்மென்ட், அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி, மீதியைத் தள்ளுபடி வாங்கி முடித்துக்கொள்வது. அஸ்தம்பட்டி நீதிமன்றத்து லோக் அதாலத்திலும் சரி, வங்கியில் நேராகப் பேசினாலும் சரி, ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் ஏறும், 'குளோஸ்டு' என்று ஏறாது. அடுத்துக் கடன் கேட்கும் இடத்தில் அதை நஷ்டக் கணக்காகத்தான் பார்ப்பார்கள். விவசாயக் கடன் அல்லாதவற்றில் அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரவும் முடியாது. உண்மையிலேயே முடியாதவர்கள் தயங்காமல் செட்டில்மென்டுக்குப் போகலாம்; பாக்கி அப்படியே கிடப்பதற்கு அது மேல். ஆறேழு மாதத்தில் புரட்டிவிட முடிகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். தள்ளுபடியான மீதியைப் பின்னால் கட்டி 'குளோஸ்டு' ஆக்கித் தரும்படி கேட்கவும் வழியுண்டு. ஆனால் வங்கியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டக்கூடாது. முகவரின் வாய்வார்த்தை அறிக்கையில் ஏறாது.

கடனை முடித்ததும் நிலுவையின்மைச் சான்று வாங்கி வைக்க வேண்டும். கிரெடிட் கார்டில் ஆண்டுக் கட்டணமோ அபராதமோ முந்நூறு, நானூறு ரூபாய் ஒட்டிக்கொண்டிருந்தால்கூடத் தாமத நாள் ஓடிக்கொண்டே இருக்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் இருக்கும், மறக்காமல் பாருங்கள். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, 2024 ஏப்ரல் முதல். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

பழைய பாக்கி தீர்ந்தால் மட்டும் போதாது, புதிதாக ஒழுங்காகக் கட்டிய வரலாறும் வேண்டும். செவ்வாய்ப்பேட்டை அடகுக் கடையில் எத்தனை முறை நாணயமாக மீட்டாலும் அது எங்கும் பதிவாகாது. அதே நகையை வங்கியில் வைத்தால் பதிவாகும். கெடு தேதியை விட்டால் அதுவும் பதிவாகும். கடனே கிடைக்காதவர்களுக்கு நல்ல வழி, நிரந்தர வைப்பின் பேரில் தரும் கிரெடிட் கார்டு. 20,000 ரூபாய் வைப்புக்கு 16,000 வரம்பு கிடைத்தால், மாதம் ஐயாயிரத்துக்குள் செலவு செய்து, 'குறைந்தபட்சத் தொகை' என்பதை ஏறெடுத்தும் பார்க்காமல் முழுத்தொகையையும் கட்ட வேண்டும். இந்தச் சமயத்தில் ஐந்து இடத்தில் கடன் விண்ணப்பம் போட்டால், ஒவ்வொருவரும் நம் அறிக்கையைக் கேட்டுப் பார்த்த பதிவுகள் குவிந்து, ஏறிய மதிப்பெண் இறங்கும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்ற வரி விளம்பரங்கள் உங்கள் இதழிலும் வருகின்றன. உண்மையான பதிவை எந்த ஏஜென்டும் அழிக்க முடியாது; சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் விவரங்களை வைத்திருந்தாக வேண்டும். தவறான பதிவைத் திருத்தக் கட்டணமே கிடையாது. பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொள்ளும் இந்த விளம்பரங்களை இனி ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
சூரமங்கலம், சேலம் – 5.