இருபது முத்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது, அதனால் லீவு நாளுக்காகக் காத்திருந்தேன். "உன் பெண் ஏதோ சங்கத்தில் சேரப் போகிறாள் என்கிறாயே, நம் ஹாஸ்டலில் நடந்த மாதிரி எதுவும் இருக்காதே?" என்று கேட்டிருந்தாய். நீ எதை நினைத்துக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா? முதல் வருடம், ராத்திரி பதினோரு மணிக்கு நம்மை மொட்டை மாடியில் வரிசையாக நிற்க வைத்தார்கள், உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியும் விடவில்லை, விடிய விடிய நின்றோம். இத்தனை வருடம் கழித்தும் அந்த மாடியின் ஈரச் சிமெண்டு வாசனை எனக்கு மறக்கவில்லை. அதனால் என் பெண் இதைச் சொன்னதும் எனக்கும் முதலில் வயிற்றைத்தான் கலக்கியது.

அவள் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். 1867-இல் தொடங்கியது, கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த பெரிய கல்லூரிகளில் ஒன்று. அங்கே சொரோரிட்டி என்றால் பெண்கள் சங்கம், ஃப்ரட்டர்னிட்டி என்றால் ஆண்கள் சங்கம், கிரேக்க எழுத்துகளில் பெயர். கறுப்பின மாணவர்கள் தொடங்கியவற்றில் முக்கியமானவை ஒன்பது, "டிவைன் நைன்" என்பார்கள். அதில் ஐந்து இந்த ஹோவர்டிலேயே பிறந்தவை. சினிமாவில் காட்டுகிற குடியும் கூத்துமான காலேஜ் கிளப்பை மனதில் வைத்துக்கொள்ளாதே. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வருடம் ஒரு சாவு வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, ரத்தப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர், மனதுக்குள் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. அவருடைய அம்மா எண்பத்தெட்டு வயதில் இறந்துபோனார், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் மாலை சவ அடக்க இல்லத்துக்குப் போனேன். நேரம் ஆக ஆக வெள்ளை உடை உடுத்திய பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். கைத்தடி ஊன்றி வந்த பாட்டிகள், இருபத்தைந்து வயதுப் பெண்கள், ஒருவர் சக்கர நாற்காலியில். பாதிப் பேருக்கு மேல் கழுத்தில் முத்து மாலை. எல்லாரும் ஒருவரை ஒருவர் "சோரோர்" என்று கூப்பிட்டார்கள், லத்தீனில் சகோதரி. பெட்டியைச் சுற்றி நின்று ஏதோ வாசித்தார்கள், பாடினார்கள், இறந்தவர் பெயரைச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் வந்தவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர் கையை நீட்டி இறந்தவருடைய கையுறையின் மடிப்பைச் சரி செய்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அக்கா சொன்னார், அவர்கள் இரண்டு பேரும் 1950களில் ஒரே செட்டில் சேர்ந்தவர்களாம். "லைன் சிஸ்டர்" என்று சொல்கிறார்கள். அறுபது வருடத்துக்கு மேல் மாதா மாதம் ஒரே கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் அக்காவிடம் விவரம் கேட்க ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 

ஒன்பதில் மூத்தது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1906 டிசம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் ஆரம்பித்தது. கார்னெல் வெள்ளையர் நிறைந்த இடம், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கறுப்பின மாணவர்கள், அதிலும் சேர்ந்தவர்களில் பலர் அடுத்த வருடம் திரும்பி வரவே இல்லை. பேச ஆள் கிடையாது, சேர்ந்து உட்கார்ந்து படிக்கக் கூட்டு கிடையாது, வெள்ளை மாணவர்களின் சங்கங்கள் வாசலிலேயே நிறுத்தின. படிப்பு வட்டமாக ஆரம்பித்ததுதான் சங்கமாக ஆனது. மார்ட்டின் லூதர் கிங் 1952-இல் பாஸ்டனில் படிக்கும்போது சேர்ந்தது இதில்தான். வாஷிங்டனில் 2011-இல் திறந்தார்களே அவர் நினைவிடம், அதற்கு யோசனை சொல்லி 1984-லிருந்து விடாமல் பின்னால் நின்றது இந்தச் சங்கம்தான். நீ வந்தபோது நாம் அந்தச் சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், அப்போது இது எனக்குத் தெரியாது.

பெண்கள் சங்கத்தில் முதலாவது 1908 ஜனவரி 15-இல் ஹோவர்டில், எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் யோசனையில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அக்கா இருப்பது இதில். முதலில் ஒன்பது பேர், பிறகு ஏழு பேர், 1913-இல் அதைச் சட்டப்படி பதிவு செய்து காப்பாற்றிய நால்வர். இந்த இருபது பேரைத்தான் இருபது முத்து என்கிறார்கள். அக்கா கழுத்து மாலையில் எத்தனை மணி என்று ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபது.

பதிவு செய்து காப்பாற்றிய என்று எழுதினேனே, அதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 1912-இல் உள்ளே இருந்த மாணவிகளுக்குச் சங்கத்தின் பெயரையும் போக்கையும் மாற்ற வேண்டும், பொது விஷயங்களில் இறங்க வேண்டும் என்று எண்ணம். முன்னால் படித்து முடித்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு பேர் வெளியே வந்து 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். கறுப்பினப் பெண்கள் வந்தால் அமெரிக்கத் தென் மாநிலத்து வெள்ளையர்கள் முறைப்பார்கள் என்று ஏற்பாடு செய்தவர்கள் அவர்களை ஊர்வலத்தின் பின்னால் தள்ளப் பார்த்தார்கள். அப்படியும் இந்தப் பெண்கள் போனார்கள், நடந்தார்கள். இருபது வயதுப் பெண்கள், யோசித்துப் பார். நம் இருபது வயதில் நாம் வார்டனிடம் லீவு லெட்டர் கொடுக்கவே பயந்தோம்.

ஆனால் என் மனதைத் தொட்டது வேறு. 1935-லிருந்து 1942 வரைக்கும் கோடைகாலத்தில் அக்காவின் சங்கத்துப் பெண்கள் மிசிசிப்பிக்குப் போயிருக்கிறார்கள். டாரதி ஃபெரபீ என்ற டாக்டரம்மா தலைமையில், டாக்டர், நர்ஸ், டீச்சர் என்று. பருத்திக் காட்டில் வேலை செய்கிற குடும்பங்களை முதலாளிகள் வைத்தியம் பார்க்க வெளியே விட மாட்டார்கள், அதனால் இவர்கள் தங்கள் காரையே ஆஸ்பத்திரி ஆக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டார்கள், பல் பார்த்தார்கள். அரசாங்கம் செய்யாததை விடுமுறை எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் செய்தார்கள். லேபில் வேலை செய்கிறவள் நான், தடுப்பூசியைக் குளிர்ச்சி போகாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், அந்த வெயிலில் அதை எப்படித்தான் செய்தார்களோ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் "பிளெட்ஜிங்" என்று வாரக்கணக்கில் நடக்கும், புதிதாகச் சேருகிறவர்கள் ஒரே மாதிரி உடை உடுத்தி, ஒருவர் பின் ஒருவராக நடந்து, மூத்தவர்கள் சொன்னதையெல்லாம் செய்ய வேண்டும். அந்தச் சாக்கில் அடி, உதை, தூங்க விடாமல் வைப்பது எல்லாம் நடந்தது. 1989-இல் அட்லாண்டாவில் ஒரு மாணவன் செத்தே போனான். மறு வருடமே எல்லாச் சங்கங்களின் தலைவர்களும் சேர்ந்து பிளெட்ஜிங்கையே ஒழித்தார்கள். இப்போது விண்ணப்பம், மார்க் பட்டியல், சமூக சேவை செய்ததற்கு அத்தாட்சி, சிபாரிசுக் கடிதம், நேர்காணல், உள்ளே இருப்பவர்களின் ஓட்டு, பிறகு சில வாரப் பயிற்சி. எழுத்தில் இருப்பது இது. ஆனால் திருட்டுத்தனமாகப் பழையது இன்னும் சில இடங்களில் நடக்கிறது, அப்புறமும் உயிர்கள் போயிருக்கின்றன. முறைப்படி மட்டும் சேர்ந்தவர்களை "பேப்பர்" என்று கேலி செய்வார்களாம், காகிதத்தில் மட்டும் உறுப்பினர் என்று. இந்த ஒரு சொல்தான் எனக்குப் பெரிய கவலை. அடிக்குப் பயப்படாத பெண்கூட இந்தக் கேலிக்குப் பயந்து ராத்திரி எங்கேயோ கூப்பிட்டால் போய்விடுவாள். நாம் அன்றைக்கு மாடியில் நின்றது அடிக்குப் பயந்தா? இல்லையே, நாளைக்கு மெஸ்ஸில் யாரும் பேச மாட்டார்களோ என்றுதானே நின்றோம். சிதம்பரத்தில் அந்த மருத்துவ மாணவனைக் கொன்ற பிறகுதான் 1997-இல் நம் ஊரில் ராகிங்குக்குச் சட்டம் வந்தது. இங்கேயும் 2024 டிசம்பரில் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது, எந்தக் கல்லூரியில் எந்தச் சங்கம் இப்படிச் செய்தது என்று கல்லூரிகளே வெளியிட வேண்டும்.

பெண்ணிடம் நேரடியாகவே கேட்டேன். பேப்பர் என்றால் என்ன செய்வாய்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மா, எவனோ எவளோ அடித்துத்தான் நான் சகோதரி ஆக வேண்டும் என்றால் அந்தச் சகோதரி எனக்கு வேண்டாம்" என்றாள். சொல்வது எளிது, அந்த நேரம் வந்தால் தெரியும். இருந்தாலும் சொன்னாளே.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம் பெண்ணுக்கு அங்கே என்ன உரிமை? ஊரில் எல்லாரும் கமலா ஹாரிஸைச் சொல்வார்கள், துளசேந்திரபுரத்துப் பேத்தி, அவரே அக்காவின் சங்கத்தில் இருந்தாரே என்று. உண்மைதான், 1986-இல் ஹோவர்டில் படிக்கும்போது சங்கத்தில் சேர்ந்தார், துணை ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற அன்றைக்கும் முத்து மாலைதான் போட்டிருந்தார். ஆனால் அவர் அப்பா ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், அவர் அம்மா சியாமளாவே மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் வளர்த்தார். என் பெண்ணுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் திருநெல்வேலி. வெளியே தள்ளப்பட்டவர்கள் கட்டிய வீட்டில், தள்ளியவர்களும் இல்லை தள்ளப்பட்டவர்களும் இல்லை, நடுவில் வந்து இறங்கியவர்கள் நாம். கூச்சத்தை விட்டு அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தோலைப் பார்த்துத் தடுக்கிற விதி எங்களிடம் இல்லை, எங்களைத் தடுத்ததால்தானே நாங்கள் ஆரம்பித்தோம் என்றார். அப்புறம், "அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேள். நாற்பத்தைந்து வயதில், ஒரு சனிக்கிழமை காலையில், என்ன செய்துகொண்டிருப்பாய் என்று கேள்" என்றார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்றால், இவர்களுக்குப் படிப்பு முடிந்தால் சங்கம் முடிவதில்லை. ஊருக்கு ஊர் மூத்தவர்கள் கிளை இருக்கிறது, கல்லூரி நாளில் சங்கத்தில் சேராதவர்கள் பட்டம் வாங்கிய பிறகு அதில் சேரலாம். ஒன்றில் சேர்ந்தால் மற்ற எதற்கும் மாற முடியாது, தாலி மாதிரிதான். அக்காவுக்கு அறுபது வயதாகிறது, தேர்தல் வந்தால் சனிக்கிழமை காலையில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் மேஜையில்தான் இருப்பார். மேளம் மாதிரி காலைத் தட்டி ஆடுகிற ஸ்டெப்பிங், சங்கத்தின் நிறத்தில் கோட்டு, கூவி அழைக்கிற அந்தக் குரல் எல்லாம் அழகுதான், வசந்த காலத்தில் ஹோவர்ட் மைதானத்தில் புதியவர்கள் முகமூடியோடு வரிசையாக வந்து ஒவ்வொருவராக முகத்தைக் காட்டியபோது நானும் கூட்டத்தில் நின்று கை தட்டினேன், பக்கத்தில் ஒரு தாய் தேம்பித் தேம்பி அழுதார். ஆனால் அதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பாதியில் காணாமல் போய்விடுவார்கள் என்கிறார் அக்கா.

கேள்வியைப் பெண்ணிடம் கேட்டேன். பதிலை என்னிடம் சொல்லவில்லை, ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று அக்காவும் சொல்ல மாட்டேன் என்கிறார். எந்தச் சங்கம் என்றுகூட எனக்குத் தெரியாது, அக்காவுடையதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சேர ஆசை என்று வாய்விட்டுச் சொல்லித் திரியக் கூடாதாம், அது அங்கே ஒரு மரியாதை. அதனால் நீயும் உன் தங்கையிடம் சொல்லிவிடாதே, அவளுக்குத் தெரிந்தால் தென்காசி வரைக்கும் போய்விடும். இந்த வருடம் ஆள் எடுப்பார்களா என்பதே நிச்சயமில்லை, சில வருடம் எடுக்கவே மாட்டார்கள். கட்டணமும் ஆயிரம் டாலருக்கு மேல் போகலாம் என்கிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று நீ எழுதவே இல்லை. மதுரையிலேயே பார்க்கிறீர்களா? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், அப்பாவை நம்பாதே, நீயே பக்கத்தில் இரு. முடிந்ததும் ஒரு வரி எழுது.

உன் பழைய ரூம்மேட்