மாடிப்படியில் அட்டிலா

புடாபெஸ்ட்

அன்புள்ள கமலா,

நலம். முழங்காலைத் தவிர நீயும் நலமாக இருப்பாய். பேத்திக்கு நாற்பது நாள் கழிந்ததும் எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு இப்போது பல் முளைக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடமாகச் சரித்திர வகுப்பில் நான் ஒரு தப்பைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தினமும் காலையில் மாடிப்படியில் ஒரு அம்மா "அட்டிலா! அட்டிலா!" என்று கத்துவாள். எட்டிப் பார்த்தால் ஆறு வயதுப் பையன், ஒரு காலில் மட்டும் ஷூ, கையில் பாதி கடித்த ரொட்டி. ரோமையே நடுங்க வைத்த ஹன் கூட்டத்து அரசன் பெயர் இங்கே சர்வ சாதாரணம். "ஹன் வம்சமாச்சே, ஹன் என்பதிலிருந்துதானே ஹங்கேரி" என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். மகள் சிரித்துவிட்டாள். "அப்படி இல்லையாம், அம்மா."

அன்றிலிருந்து குழந்தை தூங்கும் நேரமெல்லாம் இதைத் தேடிப் படிப்பதே வேலை. ஓனோகூர் என்ற துருக்கிய மக்களின் பெயர்தான் இப்படித் திரிந்ததாம். பத்து அம்பு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். முன்னால் நிற்கும் 'ஹ' பிற்பாடு லத்தீனில் ஒட்டிக்கொண்டது. இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது மஜ்யார் என்றுதான். அட்டிலா செத்தது 453இல். ஆர்பாத் தலைமையில் மஜ்யார்கள் இங்கே வந்தது 895 வாக்கில். நடுவே 440 வருடம்! எத்தனை விடைத்தாளில் டிக் போட்டேன், கமலா. நம் நாட்டில் குப்த அரசன் ஸ்கந்தகுப்தன் விரட்டிய ஹூணர்களும் அட்டிலாவின் ஆட்களும் ஒன்றா என்பதிலும் தகராறு இருக்கிறது. அது அடுத்த கடிதத்துக்கு. ஒரு நாளைக்கு ஒரு குற்றம் போதும்.

மொழி வேறு பக்கம் இழுக்கிறது. மீனுக்கு இங்கே 'ஹல்', பின்லாந்தில் 'கலா'. சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மான்சி, கான்ட்டி மக்களின் பேச்சுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்குப் போன ஷாய்னோவிச் என்ற பாதிரியார், அங்கே 'சாமி' என்ற பழங்குடி மக்களின் பேச்சைக் கேட்டார். மறு வருடமே அதுவும் ஹங்கேரியமும் ஒன்று என்று புத்தகம் போட்டார். இங்கே பலருக்கு ஆத்திரம். 'மீன் நாத்தச் சொந்தம்' என்று கேலி. பின்னே, குதிரையில் வருகிற சம்பந்தியை விட்டுவிட்டு யார் வலையோடு வருகிறவனை வாசலுக்குக் கூப்பிடுவார்கள்?

ஆனால் ஹன் சொந்தத்தை முழுக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியவில்லை. 2022இல் பழைய எலும்புகளின் மரபணுவைப் பார்த்தவர்கள், அப்போது வந்த மஜ்யார்களில் மான்சி வழியோடு ஹன் கலப்பும் இருந்தது என்கிறார்கள். மொழி ஒரு வழி, ரத்தம் பல வழி. இதைத்தான் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் என்னை உலுக்கியவர் ஒருவர். கோரோஷி சோமா ஷாந்தோர். (கோரோஷி என்பது ஊர்ப்பெயர், நம்மைப் போலவே ஊரை முன்னால் போட்டுக்கொண்டவர்.) டிரான்சில்வேனியாவில் (இப்போது ருமேனியா) ஹங்கேரியம் பேசும் ஸேகெய் இனம். அட்டிலாவின் மகன் சாபா பால்வீதி வழியாகப் படையோடு திரும்பி வருவான் என்று கதை சொல்கிறவர்கள். தன் ஜனத்தின் பூர்விகத்தைத் தேடி 1819இல் கிளம்பினார். பெரும்பாலும் நடை. பாக்தாத், புகாரா, காபூல், லாகூர், லடாக். மூதாதையர் கிடைக்கவில்லை, திபெத்திய மொழி கிடைத்தது. லடாக் பக்கத்து ஸான்ஸ்காரில் ஒரு சின்ன அறையில் ஆட்டுத்தோலுக்குள் சுருண்டு, கணப்பு இல்லாமல் குளிர்காலம் முழுக்கப் படித்தாராம். 1834இல் கல்கத்தாவில் திபெத்திய-ஆங்கில அகராதி அச்சானது. அப்புறமும் ஆசை விடவில்லை. மறுபடி லாசா பக்கம் கிளம்பினார். வழியில் காய்ச்சல். 1842 ஏப்ரலில் டார்ஜிலிங்கில் போய்விட்டார்.

டார்ஜிலிங்கடி! டைகர் ஹில்லில் மேகத்தைத் தவிர ஒன்றும் பார்க்காமல், நீ சுகந்தியின் ஸ்வெட்டரைத் தொலைத்துவிட்டு வந்தோமே, அந்த ஊர். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. மூன்று நாள் சுற்றினோம், இரண்டு சரித்திர டீச்சர்கள், எட்டிப் பார்க்கவில்லை.

தை மாதம் மகனைப் பார்க்கக் கல்கத்தா போவாய் அல்லவா? முழங்கால் இடம் கொடுத்தால் அப்படியே மேலே போய்விட்டு வா. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கீழ்வீட்டு அட்டிலாவிடம் காட்ட வேண்டும். நேற்று என் முறுக்கை மூன்று தின்றான்.

உன்
மீனாட்சி