கிங்க்ஸ் பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறுபதுகளின் ராக் இசையை வானொலியில் ஒலிபரப்புகிறவர்களுக்கும், இசைச் செயலிகளில் பாடல் பட்டியல் போடுகிறவர்களுக்கும், பழைய பதிவுகளைத் தொகுத்து மறுபடி வெளியிடுகிற நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

லண்டனில் உருவான கிங்க்ஸ் என்ற ராக் குழுவுக்கு ‘ரசிகர்களின் விருப்பப் பாடல்கள்’ என்று நீங்கள் போடுகிற பட்டியல்களைப் பற்றி எழுதுகிறேன். எதைத் திறந்தாலும் முதலில் ‘யூ ரியலி காட் மீ’. அடுத்து ‘ஆல் டே அண்ட் ஆல் ஆஃப் த நைட்’, ‘லோலா’, ‘சன்னி ஆஃப்டர்நூன்’, ‘வாட்டர்லூ சன்செட்’. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே மாறும், அவ்வளவுதான். இவற்றைக் குறை சொல்லும் கிங்க்ஸ் ரசிகர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் இவை அதிகம் விற்ற பாடல்கள். ரசிகர்கள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் எந்தப் பாடல்களுக்காக நள்ளிரவு வரை வாதாடுவார்களோ, அவை உங்கள் பட்டியலில் பெரும்பாலும் கிடையாது. தலைப்பில் ரசிகர்களின் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே விற்பனைக் கணக்கை வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நிறைய பேர் வாங்கியதுதானே நிறைய பேருக்குப் பிடித்தது என்று நீங்கள் கேட்கலாம். மற்ற குழுக்களுக்கு அது ஓரளவு பொருந்தும். கிங்க்ஸுக்குப் பொருந்தாது. 1965 கோடையில் அவர்கள் முதன்முதலாக அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். அது சண்டையும் சச்சரவுமாக முடிந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் அவர்களுக்கு அங்கே வாசிக்க அனுமதி தர மறுத்துவிட்டது. 1969 அக்டோபர் வரை ஓர் அமெரிக்க மேடையில்கூட அவர்களால் ஏற முடியவில்லை. ‘ஹூ’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு 1967-இல் மான்டரே இசை விழாவிலும் 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவிலும் வாசித்துக் கண்டம் முழுக்கப் பெயர் வாங்கியபோது, கிங்க்ஸுக்கு அந்த மேடைகள் கிடைக்கவில்லை.

குழுவின் பாடகரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவருமான ரே டேவிஸ் தன் மிகச் சிறந்த பாடல்களை எழுதியது அந்த நான்கு ஆண்டுகளில்தான். 1967 மே மாதம் வந்த ‘வாட்டர்லூ சன்செட்’ பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. அமெரிக்காவின் முதல் நூறு பாடல்களுக்குள் அது நுழையவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘ஆட்டம் அல்மனாக்’ பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் அதுவும் எங்கேயும் இல்லை. தடைக்கு முந்திய 1964, 65 பாடல்களும், தடை நீங்கிய பின் வந்த ‘லோலா’வும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போயின. உங்கள் பட்டியல்களை ஆண்டு வரிசையில் அடுக்கித் திரும்ப ஒருமுறை பாருங்கள். இரு முனையும் பளிச்சென்று இருக்கும், நடுப்பகுதி மெலிந்திருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம் போட்ட தடையை, அது தடை என்றே தெரியாமல் நீங்கள் இன்றும் நீட்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று வானொலியில் வராததால் விற்கவில்லை. விற்காததால் தொகுப்பில் சேரவில்லை. தொகுப்பில் இல்லாததால் இன்று செயலியில் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்கள் குறைவு என்பதால் அடுத்த பட்டியலிலும் இடமில்லை.

முதலில் சிங்கிள்களின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சிறு இசைத்தட்டுகளின், பின்பக்கத்தைப் பாருங்கள். ‘சன்னி ஆஃப்டர்நூன்’ 1966 ஜூலையில் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாடலை இறக்கிவிட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அந்த இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் ‘ஐம் நாட் லைக் எவ்ரிபடி எல்ஸ்’. எழுதியது ரே, பாடியது தம்பி டேவ். மெதுவாகத் தொடங்கி, நான் உங்களைப் போல ஆக மாட்டேன் என்று கத்தலில் முடிகிற பாட்டு. முன்பக்கத்துப் பாட்டு சோம்பலாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, பின்பக்கம் இப்படிக் கொதிக்கிறது. இன்று எந்த ரசிகரைக் கேட்டாலும் முதல் ஐந்துக்குள் இதைச் சொல்வார். எந்த விற்பனைப் பட்டியலிலும் இதற்குத் தனி இடம் கிடையாது, ஏனென்றால் பின்பக்கத்துக்குத் தனிக் கணக்கு இல்லை. ‘வேர் ஹேவ் ஆல் த குட் டைம்ஸ் கான்’ பாடலும் அப்படித்தான். 1965-இல் ‘டில் தி எண்ட் ஆஃப் த டே’ சிங்கிளின் பின்பக்கமாக வந்தது. டேவிட் போவி 1973-இல் அதைப் பாடினார், வான் ஹேலன் குழுவினர் 1982-இல் பாடினார்கள். ‘டெட் எண்ட் ஸ்ட்ரீட்’டின் பின்பக்கம் ‘பிக் பிளாக் ஸ்மோக்’, கிராமத்திலிருந்து லண்டனுக்கு ஓடிவந்து கெட்டு நொந்த ஒரு பெண்ணின் கதை. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் 1966 லண்டனின் இருட்டுப் பக்கம் முழுதாகத் தெரியும்.

அப்புறம் ‘தி கிங்க்ஸ் ஆர் த வில்லேஜ் கிரீன் ப்ரிசர்வேஷன் சொசைட்டி’. 1968 நவம்பர் 22 அன்று பிரிட்டனில் வெளியான இசைத்தட்டு. பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் அதே நாளில்தான் வந்தது. இதற்கு விற்பனைப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. பாரிஸில் மாணவர்கள் தெருவில் இறங்கிய, வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்த அந்த ஆண்டில், ரே சிறு கடைகளையும் சைனா கோப்பைகளையும் ஸ்ட்ராபெரி ஜாமையும் காப்பாற்ற வேண்டும் என்று பாடினார். பழமைவாதம் என்று மேலோட்டமாகத் தோன்றும். கேட்கக் கேட்க வேறாகத் தெரியும். போய்விட்டவை திரும்ப வராது என்று நன்றாகத் தெரிந்த ஒருவரின் பாட்டுகள் அவை. ‘டூ யூ ரிமெம்பர் வால்டர்’ கேளுங்கள். பள்ளித் தோழனோடு சேர்ந்து உலகத்தையே எதிர்ப்போம் என்று கனவு கண்ட ஒருவன், இப்போது நீ கொழுத்து, கல்யாணம் பண்ணி, எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாய், என் பெயர்கூட உனக்கு நினைவிருக்காது என்று பாடுகிறான். இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு நட்பின் முழு வாழ்வும் வந்துவிடுகிறது. பீட் குவெய்ஃபின் பேஸ், மிக் ஏவரியின் டிரம்ஸ், நிக்கி ஹாப்கின்ஸின் கீபோர்டு எல்லாம் அந்தப் பதிவுகளில் அத்தனை அளவாக இருக்கும்.

இந்த இசைத்தட்டு முதலில் 12 பாடல்களோடு செப்டம்பரில் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் ரே அதை நிறுத்தி, மாற்றி, 15 பாடல்களாக ஆக்கினார். மாற்றியபோது விடுபட்டவற்றுள் ஒன்று ‘டேஸ்’. அது அந்த ஜூன் மாதமே சிங்கிளாக வந்து பன்னிரண்டாம் இடம் வரை போயிருந்தது. விடைபெறும் ஒருவருக்கு நன்றி சொல்லும் பாட்டு. துக்க வீடுகளிலும் பிரிவு விருந்துகளிலும் ஆங்கிலேயர்கள் இன்றும் அதைப் போடுகிறார்கள். 1989-இல் கர்ஸ்டி மெக்கால் அதைப் பாடினார், அதுவும் அதே பன்னிரண்டாம் இடம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், அந்த வில்லேஜ் கிரீன் இசைத்தட்டுக்கு பிரிட்டனில் விற்பனைக்கான தங்கத்தட்டு விருது கிடைத்தது. அதைச் செய்தது விளம்பரம் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, கேட்கக் கொடுத்து, ரசிகர்களே ஐம்பது ஆண்டு தூக்கிச் சுமந்தார்கள். இதைவிடத் தெளிவான வாக்குச்சீட்டு உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

அடுத்த ஆண்டு வந்த ‘ஆர்தர்’ தட்டிலிருந்து ‘ஷாங்ரி-லா’ சிங்கிளாக வெளியாகித் தோற்றது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு அது. டேவிஸ் சகோதரர்களின் அக்கா ரோஸ், கணவர் ஆர்தரோடு 1964-இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். அந்தப் பிரிவு ரேயை விடவே இல்லை. 1966-இல் ‘ரோஸி, வோன்ட் யூ ப்ளீஸ் கம் ஹோம்’ என்று எழுதினார், 1969-இல் அத்தானின் பெயரிலேயே ஒரு முழு இசைத்தட்டு. கடன் கட்டி முடிக்காத வீட்டில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, இதுதான் சொர்க்கம் என்று நம்பவைக்கப்பட்ட மனிதனை ‘ஷாங்ரி-லா’ பாடுகிறது. ரே அவனைக் கேலி செய்வதில்லை, மேலே நின்று இரக்கப்படுவதும் இல்லை. அக்காவோ அண்ணனோ கடல் கடந்து போன வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த இரண்டு பாடல்களும் புரியும். எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் ‘ஷாங்ரி-லா’வைத்தான் சொல்வேன்.

டேவ் டேவிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியல்களில் அவர் கிதார் வாசிப்பவர் மட்டும்தான். சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி ‘யூ ரியலி காட் மீ’யின் அந்தக் கரகரப்பை உண்டாக்கியவர் என்ற அளவில் நிறுத்திவிடுகிறீர்கள். 1967-இல் ‘டெத் ஆஃப் எ க்ளவுன்’ அவர் பெயரில் வந்து பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்ததே! ‘மைண்ட்லெஸ் சைல்ட் ஆஃப் மதர்ஹுட்’ ஒரு பின்பக்கப் பாட்டு. பதின்பருவத்துக் காதலியிடமிருந்து பிரிக்கப்பட்ட வலி அதில் இருக்கிறது. 1970-இல் அவர் எழுதிப் பாடிய ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ சிங்கிளாகக்கூட வரவில்லை. 2007-இல் ‘த டார்ஜிலிங் லிமிடெட்’ படத்தில் அதையும் அதே தட்டின் இன்னும் இரண்டு பாடல்களையும் சேர்த்தார்கள். ஒன்றுகூட ஹிட் இல்லை. அந்தப் படம் வழியாக கிங்க்ஸுக்கு வந்த இளைஞர்களுக்கு ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’தான் முதல் பாட்டு, பலருக்கு அதுவே உயிர்ப் பாட்டு.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 1965 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போனதை ரே கேட்டார். அதிலிருந்து வந்தது ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’. ஜூலை மாதம் வெளியானது. சிதார் கிடையாது. கிதாரிலேயே தம்புரா போல ஒரு சுருதியை நிறுத்திப் பிடித்திருப்பார்கள். பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’ வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. இந்திய இசை ராக்குக்குள் வந்த கதையைச் சொல்லும் நிகழ்ச்சிகளில் இந்தப் பாட்டை விட்டுவிடாதீர்கள்.

நன்றாகத் தொகுக்க முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது, ஏற்கெனவே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1972-இல் ரெப்ரீஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ‘த கிங்க் க்ரானிக்கிள்ஸ்’ இரட்டைத் தட்டைத் தொகுத்தவர் ஜான் மெண்டல்சன் என்ற விமர்சகர். குழுவை உயிராக நேசித்தவர். 28 பாடல்கள். ‘யூ ரியலி காட் மீ’ அதில் இல்லை! 1966 முதல் வந்தவற்றை மட்டும் எடுத்து, பின்பக்கங்களையும் விற்காத சிங்கிள்களையும் ஹிட் பாடல்களுக்குச் சமமாக உட்காரவைத்தார். ‘ஷாங்ரி-லா’ உண்டு, ‘பிக் பிளாக் ஸ்மோக்’ உண்டு, டேவின் பாடல்களும் உண்டு. தடைக் காலத்தில் அமெரிக்கர்கள் கேட்கத் தவறியதை ஒரே தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே கிங்க்ஸ் ரசிகர்கள் ஒரு தலைமுறை அந்தத் தட்டில்தான் உருவானார்கள்.

ஹிட் பாடல்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவற்றை ‘அதிகம் விற்றவை’ என்ற தலைப்பில் போடுங்கள். ‘ரசிகர்களின் விருப்பம்’ என்று போட்டால், ரசிகர்களிடம் கேட்டுப் போடுங்கள். கேட்கும்போது முன்கூட்டியே இருபது பாடல் கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். வெற்றிடம் விட்டு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பின்பக்கப் பாடல்களுக்கும், டேவ் எழுதியவற்றுக்கும், 1966 முதல் 69 வரையிலான ஆண்டுகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். செயலிகளில் பாடலின் பக்கத்தில் மறுபதிப்பின் ஆண்டைப் போடாமல் அது முதலில் வந்த ஆண்டைப் போடுங்கள். 1968-ஆம் ஆண்டுப் பாட்டுக்கு 2018 என்று போட்டால் புதிதாகக் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. எழுதியவர் யார், பாடியவர் யார் என்பதையும் சொல்லுங்கள். இந்தக் குழுவில் அது அண்ணனா தம்பியா என்பது மிக முக்கியம்.

வானொலி நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த முறை ‘சன்னி ஆஃப்டர்நூன்’ போடும்போது, முடிந்ததும் அந்தத் தட்டின் பின்பக்கத்தையும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏழு நிமிடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு கிங்க்ஸ் ரசிகர்