முதலில் வந்து நிற்பதை நம்பி வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பலர் இப்போது மின்பொருள் வாங்க ஈப்போவுக்குப் போவதில்லை. கைப்பேசியில் இணையக் கடைகளில் தேடி, முதலில் வந்து நிற்பதையே வாங்கிவிடுகிறார்கள். அது சரிதானா என்று அறிய, சென்ற மாதம் என் சொந்தப் பணத்தில் 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்றையும் 1 டெராபைட் பென் டிரைவ் ஒன்றையும் தேடி, முதலாவதாக வந்தவற்றையே வாங்கிச் சோதித்தேன்.

பவர் பேங்க் சமையலறைத் தராசில் 160 கிராம்தான் நின்றது. ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ள உருளை மின்கலம் ஒன்று மிஞ்சிப்போனால் 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் தேக்கும் என்பதால், 20,000க்கு ஆறு கலங்களாவது வேண்டும். அவற்றின் எடையே 270 கிராம் ஆகிவிடும்.

பென் டிரைவ் இன்னும் மோசம். கணினியில் செருகியதும் 1 டெராபைட் என்றே காட்டியது. கோயில் திருவிழாக் காணொளிகள் அத்தனையும் ஏறியதாகவே தெரிந்தது. திறந்து பார்த்தபோது முதல் 30 ஜிகாபைட் அளவுக்குள் இருந்தவை மட்டும் ஓடின, மற்றவை வெறும் பெயர்களாகவே கிடந்தன. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி உள்ளிருக்கும் சில்லின் நிரலையே மாற்றியிருக்கிறார்கள். மூலப் பிரதி என்னிடம் இருந்ததால் தப்பித்தேன். மகளின் திருமணப் படங்களை இதில் ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்துவிட்ட தாய் என்ன செய்வார்?

மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பொருள்களின் ஓரத்திலும் மங்கிய பொடி எழுத்தில் விளம்பரம் என்ற குறிப்பு இருந்தது. பணம் கட்டிப் பிடித்த முதலிடம் அது. ஐந்து நட்சத்திரம் தந்தவர்களில் பெரும்பாலோர், பொருள் விரைவாக வந்தது, நன்றாகக் கட்டியிருந்தார்கள் என்று வந்த அன்றே எழுதியிருந்தார்கள். வந்த அன்றே ஒரு டெராபைட்டை நிரப்பிப் பார்ப்பவர் யார்? ஒன்றிரண்டு நட்சத்திரம் தந்தவர்களோ என் அனுபவத்தையே எழுதியிருந்தார்கள். அவற்றை முதலில் படித்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்.

விற்பனையாளர் இன்றுவரை பதில் தரவில்லை. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம் என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். விளம்பரம் என்னும் சொல்லை விலையின் அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும் என்று தாங்களும் வலியுறுத்தி எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.