சாமித்தோப்பு அய்யாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து என்று ஓடிக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறாள். பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். அதுவும் எங்கள் அகஸ்தீஸ்வரம் பக்கம் மருமகளாக வருகிறாள் என்றால் கேட்கவா வேண்டும்!

சம்பந்தி வீட்டார் "அய்யா வழி முறையில்தான் கல்யாணம்" என்றதும் உனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். யார் இந்த அய்யா, கோயிலில் சிலை கிடையாதாமே, ஆண்கள் ஏன் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடுகிறார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. நான் சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்த கிறிஸ்தவன் என்றாலும் அந்த மக்களோடு வளர்ந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809 வாக்கில் பிறந்தவர். பிறந்த ஊர்தான் இன்றைய சாமித்தோப்பு. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். அப்பா பொன்னு நாடார், அம்மா வெயிலாள். பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். பனையேறுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று.

இதை நம்புவதற்கே உனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் காலத்தில் இங்கே சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடப் பெண்களுக்கு அனுமதி இல்லை, அது மேல்சாதிப் பெண்கள் நடக்கிற விதமாம். தலைக்கு வரி, அதற்கு மேல் கூலி இல்லாத ஊழியம். இத்தனையும் தாங்கியவர்கள் மாடனுக்கும் இசக்கிக்கும் பயந்து ஆடும் கோழியும் பலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அதிகாரிக்குப் பயம், வீட்டுக்குள் பேய்க்குப் பயம்.

முத்துக்குட்டிக்கு இருபது வயது தாண்டியதும் கடுமையான நோய் கண்டது. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் கொண்டுபோனால் குணமாகும் என்று அம்மாவும் மனைவி திருமாலம்மாளும் உறவினர்களோடு அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். 1833 மார்ச் மாதம், இங்கே வழங்கும் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக்கு 1008. அங்கே அவர் கடலுக்குள் இறங்கிப் போய்விட்டார். மூன்றாம் நாள், மாசி 20 அன்று, கடலிலிருந்து வெளியே வந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. கரையில் காத்திருந்த வெயிலாள் மகனே என்று ஓடிவர, நான் இனி உன் மகன் இல்லை, நாராயணருக்கு மகனாகப் பிறந்த வைகுண்டர் என்றாராம். கலியை அழித்துத் தர்மயுகம் கொண்டுவர நாராயணரே எடுத்த அவதாரம் என்று நம்புகிறார்கள். எனக்கு அந்த விசுவாசம் இல்லை. ஆனால் வெயிலாள் அந்தக் கடற்கரையில் நின்ற நிலையை நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

ஊர் திரும்பி ஆறு வருஷம் தவம். முதல் இரண்டு வருஷம் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு வருஷம் தரையில், கடைசி இரண்டு வருஷம் உயரமான இருக்கையில். அந்த நாட்களிலேயே ஜனம் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்துவிட்டது. பேய்களை நான் எரித்துவிட்டேன், இனி அவற்றுக்குச் சக்தி கிடையாது, ரத்தப் பலி கொடுக்காதீர்கள், காணிக்கை போடாதீர்கள் என்றார். நண்பா, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. சட்டம், வரி எல்லாம் ராஜாவின் கையில் இருந்தது. பயத்தைப் போக்குவது இவர் கையில் இருந்தது. அதைத்தான் முதலில் செய்தார்.

அப்புறம் தலைப்பாகை. தலையில் துணி கட்டுவது அந்த மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. மேல்சாதிக்காரன் எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கிவிட வேண்டும். வைகுண்டர் அதைத் தலைகீழாக்கினார். கடவுள் முன்னால் நிற்கும்போது நீ தலைப்பாகையோடுதான் நிற்க வேண்டும் என்று விதித்துவிட்டார். கடவுளுக்கு முன்னால் கட்டியதை அதிகாரிக்கு முன்னால் அவிழ்ப்பானா?

கருவறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருக்கும். இரண்டு பக்கமும் விளக்கு எரியும். நெற்றியில் நாமத்தோடும் தலையில் பாகையோடும் நீ போய் நிற்கும்போது உள்ளே தெரிவது நீதான். கேரளத்து நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடி பிரதிஷ்டை செய்ததைப் பற்றி நாம் கல்லூரியில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? அது 1927. இது அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது.

சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு என்று ஒரு கிணறு உண்டு. எல்லாச் சாதிக்காரர்களும் அதே தண்ணீரில் குளித்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்படுத்தியவர் அவர். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936ல்தான். அதற்கு நூறு வருஷம் முன்னால் இந்தக் கிணற்றங்கரையில் பதினெட்டுச் சாதியும் கூடியிருக்கிறது. சாமித்தோப்புக்குப் போனால் இன்றும் முதலில் அங்கே தண்ணீர் விட்டுக் குளித்துவிட்டுத்தான் பதிக்குள், அதாவது அங்கே இருக்கும் கோயிலுக்குள், போவார்கள்.

ராஜ்யம் சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். வீணையும் கீர்த்தனையுமாக நாம் கொண்டாடுகிற அதே மகாராஜாதான். 1838ல் வைகுண்டரைப் பிடித்து அடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், பசித்த புலியின் கூண்டில் தள்ளினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று அவர்களுடைய புனித நூலில் வருகிறது. 1839 மாசியில் விடுதலையானார். உன் சாதிக்காரர்களோடு மட்டும் இருந்துகொள் என்ற நிபந்தனைக்கு அவர் சம்மதிக்கவில்லை என்றும் சொல்வார்கள். புலியைவிட எனக்கு அந்த மறுப்புதான் பெரிய அற்புதம்.

வெளியே வந்தபின் வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்களைக் கூட்டித் துவையல் தவம் நடத்தினார். மூன்று வேளையும் குளியல், துணி துவைத்தல், சைவச் சாப்பாடு. அப்புறம் ஊர் ஊராகப் போய் நிழல் தாங்கல்கள் என்ற சின்ன வழிபாட்டு இடங்களைத் தொடங்கினார். பாலூர், கடம்பன்குளம், உன் சம்பந்தியின் அகஸ்தீஸ்வரம் எல்லாம் அவரே தொடங்கியவை. 1841ல் சீடர் அரிகோபாலன் ஏட்டில் எழுதியதுதான் அவர்களுடைய புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை, சுருக்கமாக அகிலம். "தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்" என்ற அதன் வரியைச் சம்பந்தி வாயிலிருந்து நீ நிச்சயம் கேட்பாய். 1851 வைகாசியில் வைகுண்டர் மறைந்தார். பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணியும் உரிமை 1859ல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

என் குடும்பக் கதையும் இதே மண்ணில் தொடங்கியதுதான். லண்டன் மிஷன்காரர்கள் பக்கத்து மயிலாடியில் வேலையை ஆரம்பித்ததும் வைகுண்டர் பிறந்த அதே காலம். எங்கள் முன்னோர்கள் சபைக்குப் போனார்கள், பள்ளிக்கூடம் கிடைத்தது. அதே அவமானத்தைப் பட்ட இன்னொரு கூட்டம் வைகுண்டரிடம் போனது. அகிலத்தில் பாதிரிமார்களைப் பற்றிக் கடுமையான வார்த்தைகள் இருக்கின்றன. சின்ன வயதில் அது எனக்கு வலித்தது. இப்போது இல்லை. யாருடைய கையையும் எதிர்பார்க்காமல், தங்களுக்குத் தெரிந்த நாராயணர் கதையை வைத்தே எழுந்து நிற்க முடியும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பின்மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

இது தனி மதமா, இந்து மதத்தில் ஒரு வழியா என்ற வாதம் இங்கே ஓயாமல் நடக்கிறது. சம்பந்தி வீட்டில் நீயாக அந்தப் பேச்சை எடுக்காதே.

கல்யாணத்தில் புரோகிதர் மந்திரம் இருக்காது. அகிலத்திலிருந்து கல்யாண வாழ்த்துப் பாடுவார்கள், தமிழ்தான், உனக்கே புரியும். முந்தின நாளே வந்துவிடு, காலையில் சாமித்தோப்புக்குப் போவோம். உள்ளே சட்டையைக் கழற்ற வேண்டும், தலைப்பாகைக்கு ஒரு துண்டு வேண்டும். வேட்டி நல்லதாக ஒன்று எடுத்து வா. உம்பான் சோறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, அது அரிசியும் பருப்பும் காய்கறியும் சேர்த்துப் பொங்கியதுதான். ரயில் டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்
நாகர்கோவில்