மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

"மெட்ஃபோர்மின் பிள்ளைக்கும் போய்ச் சேருமாம் அம்மா, நான் நிறுத்தப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் அப்பா பக்கத்தில் இருந்ததால் நானும் திருப்பி எடுக்கவில்லை. உனக்கும் எனக்கும் வாக்குவாதம் என்றால் கடிதம்தான் சரி. குறுக்கே பேச முடியாது பார்.

நீ படித்தது பொய்யில்லை. கர்ப்பகால நீரிழிவுக்கென்று உனக்குக் கொடுத்த அந்த மருந்து நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் இரத்தத்துக்குப் போகிறது. இன்சுலின் அப்படிப் போவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் சீனியும்தானே தாண்டுகிறது? அதை ஏன் கணக்கில் எடுக்காமல் விட்டாய்? உன் இரத்தத்தில் ஏறுகிற சீனி பிள்ளைக்குப் போக, அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளும். பிள்ளை கொழுக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும். இன்சுலின் மட்டும் மிஞ்சி நின்று பிள்ளையின் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தபோது தோட்டத்து மேல் டிவிஷன் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் பிறந்தது. நாலு கிலோவுக்கும் மேல். பார்க்க வந்த சனமெல்லாம் "ராசா மாதிரி இருக்கிறான்" என்று மெச்சிக்கொண்டிருக்க, தாதி மிஸ்ஸி பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைச் சீனி பார்க்கும் பட்டியில் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். பிள்ளையின் கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. முலையைப் பற்றக்கூடத் தெம்பில்லை. பிழைத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு பெரிய பிள்ளை என்று யாராவது பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உன்னைப்போல் கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்த 751 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மெட்ஃபோர்மின், மற்றவர்களுக்கு இன்சுலின். பிறந்த பிள்ளைகளுக்கு வந்த சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். இரண்டு வயதில், மாத்திரை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு சற்றுக் கூட. மொத்தக் கொழுப்பு ஒன்றுதான். புத்தி வளர்ச்சியிலும் வித்தியாசம் காணவில்லை. ஒன்பது வயதில் அளந்தபோது, நியூசிலாந்தின் ஒக்லண்டில் மாத்திரை எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் கொஞ்சம் பருமன். ஏழு வயதில் அளந்த அடிலெய்ட் பிள்ளைகளிடம் அது இல்லை. நீ பயந்தது இதற்குத்தான் என்றால், பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் ஓடி ஒளிகிற அளவுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி நாற்பதைத் தொடும்போது என்ன ஆகும் என்று இன்றைக்கு எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதுவும் உண்மைதான்.

மனம் ஒப்பவில்லையென்றால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல், இன்சுலினுக்கு மாற்றித் தருவார்கள். அந்த ஆய்விலேயே மாத்திரைக்காரர்களில் பாதிப்பேருக்குக் கிட்டத்தட்ட பிறகு இன்சுலினும் தேவைப்பட்டது. ஊசி என்றதும் சம்பந்தி அம்மா முகத்தைச் சுளிப்பார் என்று தெரியும். "ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுக்கக் குத்த வேண்டும்" என்பார். உன் விஷயத்தில் அப்படியில்லை. பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுவார்கள். இதை மருமகனே அவரிடம் சொல்லட்டும், நீ சொல்லப் போகாதே. மாத்திரையையும் விட்டு ஊசியையும் தள்ளிப்போடுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரத்தத்தில் சீனி வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழே. உனக்கு டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள். பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கச் சொன்ன திகதியைத் தவறவிடாதே. இரவு கோதுமை மா ரொட்டியை இரண்டு மூன்று என்று அடுக்காமல், ஒன்றோடு நிறுத்திப் பருப்பும் கீரையும் கூட்டிக்கொள். குரக்கன் மா கேட்டாயே, எதிர்வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். குரக்கனும் மாச்சத்துதான், சீனி ஏறாது என்று நினைத்து அள்ளிச் சாப்பிடாதே.

இந்த வாரம் பார்த்த அளவுகளை எல்லாம் மாத்திரை எடுத்த நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பு. கூடின நாளை மறைக்காதே.

அம்மா